பொட்டுக்கு மேலே மூன்றாவது

…செத்த நேர வேலையாம், திரையின் அடியில் இருக்கிற படத்தைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போகிற வேலையாம், அப்படித்தான் சொன்னார் போனில் வக்கீல் ஆவுடையப்பன், செத்த நேர வேலை என்றால் நீங்களே தட்டிப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதானே சார், எதற்கு ராஜபாளையத்திலிருந்து ஒருத்தி கடையை இழுத்து மூடிவிட்டு, பழைய பஸ் ஸ்டாண்டில் முக்கால் மணி நேரம் நின்று, நனைந்த குடைகளுக்கு நடுவில் ஒற்றைக் கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் வர வேண்டும்? வாய் வரைக்கும் வந்தது, சொல்லவில்லை, "வாரேன் சார்" என்றுதான் சொன்னேன், நான் எப்போதும் அப்படித்தான், சண்டையெல்லாம் பஸ்ஸில் மனசுக்குள் போட்டுத் தீர்த்துவிட்டு இறங்கியதும் "வணக்கம் சார்" என்று போய் நிற்பேன். டாஸ்க்பார் என்று ஒன்று இருப்பதே இவர்களுக்கு அது கோளாறாகிற அன்றைக்குத்தான் தெரியும். திரையின் அடியில் ஓடும் அந்த ஒல்லிப் பட்டை, அதில் வரிசையாக நாலைந்து சின்னப் படங்கள், ஒன்றைத் தட்டினால் ஒரு புரோகிராம் திறக்கும், அவ்வளவுதான், ஆனால் அதில் ஒன்று வெள்ளைக் காகிதமாக மாறிவிட்டால் கம்ப்யூட்டரே செத்துப்போன மாதிரி போன் வரும், ஒன்று இரண்டாகத் தெரிந்தால் வைரஸ் என்பார்கள், ஒன்று காணாமல் போனால் யாரோ திருடிவிட்டார்கள் என்பார்கள், போய்ச் சரிசெய்து கொடுத்தால் இம்புட்டுதானா என்று உதட்டைப் பிதுக்குவார்கள். இம்புட்டுதான். எந்தப் படத்துக்குப் பின்னால் எந்தப் புரோகிராம் உட்கார்ந்திருக்கிறது, அது எந்த இடத்திலிருந்து திறக்கிறது என்று நோண்டிப் பார்க்கிறவளுக்கல்லவா தெரியும், எருதின் புண் காக்கைக்குத் தெரியுமா.

இதில் தவறாமல் இன்னொரு கேள்வி வரும், "ஜெயபாண்டி சார் வரலையாம்மா?" வர மாட்டார். ஜெயபாண்டி சார், என் வீட்டுக்காரர், ராஜஸ்தான் எல்லையில் துப்பாக்கியோடு நிற்கிறார், வருஷத்துக்கு இரண்டு தடவை லீவில் வருவார், வந்தால் கடை நாற்காலியில் சாய்ந்து செல்போனில் சீட்டு விளையாடுவார், நல்ல மனுஷன், என்னிடம் ஒரு வார்த்தை அதிர்ந்து பேசியதில்லை, ஆனால் இதுவரைக்கும் ஒரு கம்ப்யூட்டரின் மூடியைக்கூடக் கழற்றியதில்லை. படித்தவள் நான், கற்றவள் நான், ஆறு வருஷமாகக் கடையில் குனிந்து முதுகு போனவள் நான், போர்டில் மட்டும் ஜெயபாண்டி கம்ப்யூட்டர்ஸ், மாமனார் நின்று எழுத வைத்தது, "பொம்பளை பேர்ல போர்டு வச்சா எவன் மெஷினக் கொண்டாந்து குடுப்பான்?" என்று பெயின்டர் முன்னாலேயே கேட்டார், நானும் தலையை ஆட்டினேன், ஏன் ஆட்டினேன்? அன்றைக்கு ஆட்டிய தலைக்கு இன்றைக்கு வரைக்கும் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கோர்ட் தெருவில் இருபது ஆபீஸ் என்னைக் கூப்பிடுகிறது, இருபதிலும் நான் 'ஜெயபாண்டி வீட்டம்மா'. நான் ஒன்று சொன்னால் நம்ப மாட்டார்கள், "எதுக்கும் சார்ட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிருங்க" என்பார்கள், நான் வாசலுக்குப் போய் போனைக் காதில் வைத்துக்கொண்டு சும்மா நின்றுவிட்டு வந்து "சாரும் அதத்தான் சொல்றாரு" என்பேன், உடனே சரி என்பார்கள். வெட்கக்கேடு, யாருக்கு என்றுதான் தெரியவில்லை.

மம்சாபுரம் விலக்கில் பாதிப் பேர் இறங்க உட்கார இடம் கிடைத்தது, உட்கார்ந்ததும் கோபம் இன்னும் வசதியாக ஏறியது, இந்த முறை அழகுத்தாய் மேல். ஆவுடையப்பன் ஆபீஸில் பத்தொன்பது வருஷமாக டைப் அடிக்கிறவள், ஐம்பதைத் தாண்டியாயிற்று, ஒரு வேலையை ஒழுங்காகப் பார்க்கத் தெரியவில்லை. வழக்குகளுக்கு அடுத்த வாய்தா என்றைக்கு என்று குறித்துவைக்க அங்கே ஒரு புரோகிராம் இருக்கிறது, வாய்தா புரோகிராம் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள், சாயங்காலம் கோர்ட்டிலிருந்து குமாஸ்தா கொண்டுவரும் தேதிகளை இவள் அதில் ஏற்ற வேண்டும், மறுநாள் காலையில் வக்கீலின் லேப்டாப்பில் அன்றைய பட்டியல் வந்து நிற்கும், அதைப் பார்த்துத்தான் அவர் கோட்டை மாட்டுவார், காகித டைரியெல்லாம் என்றைக்கோ மூட்டை கட்டியாயிற்று. போன வாரம் கான்சாபுரத்து வீரணனின் வண்டிப்பாதை வழக்கு பட்டியலில் வரவில்லை. வக்கீல் போகவில்லை, கோர்ட்டில் மூன்று தடவை கூப்பிட்டிருக்கிறார்கள், ஆளில்லை, ஒருதலையாகத் தீர்ப்பாகிவிட்டது, எதிராளி மறுநாளே பாதையில் கல்லை ஊன்றி முள்கம்பி கட்டிவிட்டான், வீரணன் நெல்லை எந்த வழியாக வீட்டுக்குக் கொண்டுவருவான்? அவன் வந்து ஆபீஸ் வாசலில் நின்று போட்ட கூச்சலைத் தெருவே கேட்டதாம். அழகுத்தாயைக் கேட்டால், நான் ஏற்றினேன், இதோ இருக்கிறது பாருங்கள் என்று தன் கம்ப்யூட்டரைத் திறந்து காட்டியிருக்கிறாள், இருந்ததாம் அந்தத் தேதி, வக்கீல் லேப்டாப்பில் மட்டும் இல்லையாம். "தப்பு நடந்த பொறவு ஏத்திட்டு முன்னாடியே ஏத்துனேன்னு சாதிக்கா" என்றார் ஆவுடையப்பன், மெஷினில் ஏதும் கோளாறு இருக்குமா என்றும் கேட்டார், "மெஷின்ல ஒண்ணும் இருக்காது சார், நான்தான் மூணு வாரம் முன்னாடி வந்து எல்லாம் புதுசாப் போட்டுக் குடுத்தேனே" என்றேன். பார்க்காமல்தான் சொன்னேன், பார்த்தா சொல்ல வேண்டும், என் வேலை எனக்குத் தெரியாதா? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். தட்டத் தெரியாதவள் மெஷினைச் சொல்லுவாள், நான் பஸ் ஏறி வர வேண்டும்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கியபோது தூறல் விட்டிருந்தது, கோர்ட்டுக்கு எதிர்ச் சந்தில் சேறு, ஜெராக்ஸ் கடை வாசல்களில் வழக்குக்கு வந்த கட்சிக்காரர்கள், நான் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தேன், வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளேயிருந்து குரல், "வாங்கம்மா வாங்க, ஜெயபாண்டி எப்ப லீவுல வாராரு?" தீபாவளிக்கு சார் என்றேன், சிரித்தேன் வேறு. ஆவுடையப்பன் என்னைத் தன் அறைக்குள் கூப்பிட்டு அரைக்கதவைச் சாத்தினார், குரலைத் தாழ்த்தினார். வீரணனுக்குத் தீர்ப்பை நீக்கச் சொல்லி மனுப் போடப்போகிறாராம், அது ஆகிவிடும், ஆனால் அதற்குள் வீரணன் ஊரெல்லாம் போய் வக்கீல் எதிராளியிடம் கை நீட்டிக் காசு வாங்கிவிட்டார் என்று சொல்லிக்கொண்டு திரிகிறானாம், இருபத்தெட்டு வருஷத் தொழிலாம், அவனிடம் காட்ட ஒரு காகிதம் வேண்டுமாம், மெஷின் நன்றாகத்தான் இருக்கிறது, ஏற்ற வேண்டியவள் ஏற்றாமல் விட்டதுதான் என்று ஒரு வரி. "பொறவு இந்த அம்மாவ ஒண்ணாந்தேதியோட வீட்டுக்கு அனுப்பிரலாம்னு இருக்கேன், இன்னும் சொல்லல, ஒங்க காகிதம் கைக்கு வந்துட்டா எனக்கும் சொல்ல ஒரு இது இருக்கும்" என்றார். அப்புறம் மேஜைமேல் இருந்த பேனாவை எடுத்துக்கொண்டு, "ஆமா, ஒங்க பேரு என்ன? காகிதத்துல பேரு வேணும்ல" என்றார். ஆறு வருஷம். ஆறு வருஷத்தில் அந்த மனுஷனின் பிரிண்டரில் காகிதம் சிக்கியதற்கெல்லாம் பஸ் பிடித்து வந்திருக்கிறேன், இன்றைக்குத்தான் பெயர் தேவைப்பட்டிருக்கிறது. வெங்கடேஸ்வரி என்றேன். எழுதிக்கொண்டார்.

அழகுத்தாய் எழுந்து நாற்காலியை எனக்குத் திருப்பிவைத்தாள், "உக்காருங்கம்மா" என்றாள், முகம் வீங்கியிருந்தது, அழுதிருப்பாள், அழட்டும், எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை, மானிட்டரைப் பார்த்தேன். மூலையில் ஆயுத பூஜைக்கு இட்ட சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது, அடிச் சட்டத்தில் அந்தப் பொட்டு, மெரூன் நிற ஸ்டிக்கர் பொட்டு, இன்னும் அங்கேயே ஒட்டிக்கொண்டிருந்தது. அழகுத்தாய் படத்தைப் பார்த்துத் தட்டுகிறவள் இல்லை, இடத்தைப் பார்த்துத் தட்டுகிறவள், டைப்ரைட்டரில் விரல் பழகியவள் அல்லவா, எழுத்து எங்கே என்று பார்க்காமல் அடிக்கிற கை, இங்கேயும் கீழே மூன்றாவது என்று ஒரு கணக்கு, அந்த மூன்றாவதுக்கு நேர் கீழே சட்டத்தில் பொட்டை ஒட்டிவைத்துவிட்டாள், பொட்டுக்கு மேலே எது நிற்கிறதோ அதுதான் வாய்தா புரோகிராம். விண்டோஸ் புதிதானதும் படங்கள் எல்லாம் பட்டையின் நடுவுக்கு ஓடிப்போய் உட்கார்ந்துவிட்டன, பொட்டுக்கு மேலே ஒன்றுமில்லை, அதற்குத்தான் போன மாசம் கூப்பிட்டார்கள், அப்படியே வாய்தா புரோகிராமையும் புதுசாக்கிவிடச் சொன்னார்கள். நான் வந்து பார்த்துவிட்டு மனசுக்குள் சிரித்தேன், நெற்றியில் வைக்கிறதை மெஷினில் வைத்திருக்கிறாளே என்று. படங்களை இடது பக்கத்துக்குக் கொண்டுவந்து, மூன்றாவதைப் பிடித்து இழுத்துப் பொட்டுக்கு மேலே மயிரிழை பிசகாமல் நிறுத்தினேன், "ஒங்க பொட்டுக்கு மேலயே வச்சுட்டேன்க்கா, போதுமா?" என்றேன், கிண்டல்தான் அது. அவள் கும்பிட்டாள்.

இப்போது பொட்டுக்கு மேலே இருந்ததைத் தட்டினேன். திறந்தது. வீரணன் பெயரைத் தேடினேன், இருந்தது, வாய்தா தேதி சரியாக இருந்தது, ஏற்றிய தேதியும் பக்கத்திலேயே இருந்தது, வழக்குக்குப் பன்னிரண்டு நாள் முந்தி, சாயங்காலம் ஐந்தே முக்கால். சரி, பிறகு ஏற்றிவிட்டு மெஷினின் கடிகாரத்தைத் திருப்பி வைத்தாளோ? இவளா? கடிகாரத்தைத் திருப்பத் தெரிந்தவள் பொட்டு ஒட்டுவாளா? டெஸ்க்டாப்பில் நான் போட்டுவைத்திருந்த படத்தைத் தட்டினேன், அதுவும் திறந்தது, அதே நிறம், அதே தலைப்பு, ஆனால் அது பொட்டுக்கு மேலே போய் உட்காரவில்லை, பட்டையின் வலது கோடியில் தனியாக ஒரு படமாக எழுந்து நின்றது. ஒரே புரோகிராம் என்றால் ஒரே இடத்தில்தான் நிற்க வேண்டும். இது இரண்டு. வக்கீல் லேப்டாப்போடு நான் இணைத்துவிட்ட புதுசு இந்த இரண்டாவதுதான், இதில் வீரணன் வாய்தா இல்லை. போன மூன்று வாரத்தில் ஏற்றிய ஒன்றுமே இல்லை. முதலாவதில் ஒன்று விடாமல் இருந்தது, நாற்பத்தியாறு, எண்ணிப் பார்த்தேன், நாற்பத்தியாறு தேதிகள், நேற்றுச் சாயங்காலம் ஏற்றியது வரைக்கும், அதில் நாள் கடந்தது வீரணனுடையது ஒன்றுதான், மற்றதெல்லாம் இனி வருகிற தேதிகள், இரண்டு வழக்கு நாளைக்கே இருந்தது, அந்த இரண்டும் நாளைக் காலை வக்கீல் லேப்டாப்பில் வராது. சுட்டியை அந்த மூன்றாவது படத்தின் மேல் வைத்து, வலது பக்கம் தட்டி, பெயரின் மேல் மறுபடியும் வலது பக்கம் தட்டி, பிராப்பர்ட்டீஸைத் திறந்தேன், எங்கே இருந்து திறக்கிறாய் என்று கேட்டால் அது சொல்லிவிடும், அதற்குப் பொய் சொல்லத் தெரியாது. டி டிரைவ். அதில் ஒரு ஃபோல்டர். ஃபோல்டரின் பெயர் 'பழசு'. அந்தப் பெயரை வைத்தவள் நான். புதுசு போடும்போது பழைய புரோகிராமை எதற்கும் இருக்கட்டும் என்று ஒதுக்கி வைத்தவள் நான்.

அதற்குக் கீழே அந்தப் படம் பட்டையில் நிரந்தரமாக நிற்கும்படி குத்தப்பட்ட நாளும் நேரமும் இருந்தது, செப்டம்பர் இருபத்தி நான்கு, பகல் ஒன்று பன்னிரண்டு. அழகுத்தாய் குத்தினாளா? எனக்கு அப்படித்தான் இருக்க வேண்டும் என்று ஒரு ஆசை வந்தது, வெட்கமில்லாமல் வந்தது. பையிலிருந்து போனை எடுத்துப் பழைய அழைப்புகளைத் தள்ளிக்கொண்டே போனேன், செப்டம்பர் இருபத்தி நான்கு, ஒன்று ஒன்பது, மில் மேனேஜர், ஆறு நிமிஷம். ராஜபாளையத்தில் ஒரு மில், பதினெட்டு கம்ப்யூட்டர், வருஷக் கான்ட்ராக்ட், நான் எவ்வளவு நாள் அலைந்தேன் அதற்கு! அந்த மேனேஜர்தான் இந்த நாற்காலியில் நான் உட்கார்ந்திருக்கும்போது கூப்பிட்டார், "எல்லாம் சரிம்மா, ஜெயபாண்டி சார் நேர்ல வந்து ஒரு தடவ பாத்துட்டா முடிச்சிரலாம்." எனக்குக் காது சூடாகி, போனைத் தோளுக்கும் கன்னத்துக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, சார் நானே பார்ப்பேன் சார், நான்தான் சார் எல்லாம் பார்க்கிறது என்று மன்றாடிக்கொண்டே இங்கே கை தன்பாட்டில் வேலை செய்தது. வழக்கு எண்ணிக்கை சரியாக இருக்கிறதா என்று ஒத்துப்பார்க்கப் பழசையும் திறந்து வைத்திருந்தேன், பட்டையில் இரண்டு படம் ஒரே மாதிரி நின்றது, ஒன்றைப் பிடித்துக் குத்தினேன், இழுத்துப் பொட்டுக்கு மேலே நிறுத்தினேன். மயிரிழை பிசகாமல்.

அந்த மேனேஜரை நாலு அறை அறைய வேண்டும் போல் இருந்தது. அந்த மாமனாரை. அந்தப் போர்டை. ஒரே புரோகிராம் இரண்டு பிரதியாக இருந்தால் இரண்டுக்கும் ஒரே முகத்தை வைத்துவிட்டு அடையாளத்துக்கு ஒரு புள்ளிகூட வைக்காத அந்த மதுரைக்காரனை, இந்தப் புரோகிராமை எழுதியவனை, இருந்த இடத்தில் இருந்த படங்களை யார் கேட்டார்கள் என்று நடுவில் கொண்டுபோய் வைத்தவர்களை. இந்த ஆவுடையப்பனை, பத்தொன்பது வருஷமாக ஒரு பொம்பளை கை வலிக்க அடித்தாளே, அவள் ஒன்று சொன்னால் பொய் என்றுதான் தோன்றுமா, அவள் திறந்து காட்டியபோது செத்த நேரம் குனிந்து பார்த்திருந்தால் என்ன, கீழே அத்தனை தேதி வரிசையாக நிற்கிறதே, அத்தனையையுமா ராத்திரியோடு ராத்திரியாகப் பொய்க்கு ஏற்றுவாள்? நீ பார்த்தாயா, என்று உள்ளே யாரோ கேட்டது போல் இருந்தது. மெஷின்ல ஒண்ணும் இருக்காது சார். அது யார் சொன்னது? பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று ஊர் சொல்லும், இங்கே இரண்டும் என் கையில் இருக்கிறது, எனக்கு வேர்த்தது, மேலே ஃபேன் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

யோசி, ஈஸ்வரி, யோசி. சரிசெய்ய என்ன வேண்டும்? இந்த மூன்றாவதைப் பட்டையிலிருந்து கழற்ற வேண்டும், வலது கோடியில் நிற்பதைக் குத்திப் பொட்டுக்கு மேலே இழுக்க வேண்டும், நாற்பத்தியாறு தேதியையும் பழசிலிருந்து புதுசுக்குக் கொண்டுபோக வேண்டும், கால் மணி நேரம். கழற்றிய நிமிஷத்தில் அந்த ஒன்று பன்னிரண்டும் போய்விடும், புதிதாகக் குத்தினால் இன்றைய தேதிதான் விழும், பிறகு யார் வந்து நோண்டினாலும் ஒன்றும் தெரியாது. அதற்கப்புறம் 'மெஷின் நன்றாக இருக்கிறது' என்று எழுதினால் அது பொய்யும் இல்லை, அந்த நேரத்துக்கு அது நன்றாகத்தானே இருக்கும்? ஏற்ற வேண்டியவள் ஏற்றாமல் விட்டாள் என்பதைக்கூட நான் எழுத வேண்டாம், அதை அவர் பார்த்துக்கொள்வார். சொன்னால் என்ன ஆகும்? இருபது ஆபீஸ். மத்தியானம் டீக்கடையில் ஆரம்பித்தால் சாயங்காலத்துக்குள் கோர்ட் தெரு முழுக்கப் போய்விடும், பொம்பளை கை வச்சா இப்படித்தான் என்பார்கள், ஜெயபாண்டி சார் இருந்திருந்தா நடந்திருக்குமா என்பார்கள், ஐயோ, அதை என்னால் கேட்க முடியாது, வேறு எதை வேண்டுமானாலும் கேட்பேன். மில் வேலை இனி என் பக்கமே திரும்பாது. ஆவுடையப்பனுக்கு டைப்பிஸ்ட் இன்னொருத்தி கிடைப்பாள், அழகுத்தாய்க்கு வேறு ஆபீஸ் கிடைக்காதா? கிடைக்காது. வாய்தாவை விட்டவள் என்று துரத்தப்பட்டவளை இந்தத் தெருவில் எவன் சேர்ப்பான், ஐம்பத்தி இரண்டு வயசில். அவளுக்கும் அதே இருபது ஆபீஸ்தான். கை சுட்டியின் மேலேயே இருந்தது.

"டீ ஆறுதும்மா." பின்னால் நின்றுகொண்டிருந்தாள், எவ்வளவு நேரமாக நிற்கிறாள், டம்ளரை மேஜையில் வைக்காமல் கையிலேயே பிடித்திருந்தாள், மெஷின் மேல் சிந்திவிடும் என்று நான் எப்போதோ கத்தியிருப்பேன். திரையில் அந்தச் சின்னப் பெட்டி திறந்தே கிடந்தது, பழசு என்று எழுதியிருந்தது, இங்கிலீஷ் எழுத்தில்தான், ஆனால் இவளுக்குப் படிக்கத் தெரியுமே. எனக்கு அவள் மேல் சுள்ளென்று வந்தது, ஏன் இப்படி என் முதுகில் வந்து நிற்கிறாள்? "ஏன்க்கா, ரெண்டு படம் தெரியுதுன்னா அன்னைக்கே ஏங்கிட்ட கேட்டிருக்கலாம்ல?" என்றேன், குரல் உயர்ந்துவிட்டது, என் காதுக்கே அநியாயமாகக் கேட்டது. அவள் திகைத்துப்போய் என்னைப் பார்த்தாள். "கேட்டேன்லம்மா" என்றாள், ரொம்ப மெதுவாக, அரைக்கதவைப் பார்த்துக்கொண்டே. "ரெண்டு தெரியுதே, எதத் தட்டன்னு கேட்டேன். நீங்க போன்ல இருந்திய. பொட்டுக்கு மேல இருக்குறதத் தட்டுங்கக்கா, அம்புட்டுதான், சும்மா நச்சரிக்காதியன்னிய. நான் அதத்தான் தட்டுதேன்." கேட்டாளா? கேட்டாள். கேட்டாள், கேட்டாள், இப்போது ஞாபகம் வருகிறது, அந்த மேனேஜரின் குரலுக்கு நடுவில் இன்னொரு குரல், கொசு மாதிரி, நான் திரும்பிக்கூடப் பார்க்காமல் கையை வீசினேன்.

சார்ட்ட இதைச் சொன்னீங்களா என்று கேட்டேன். இல்லை என்று தலையை ஆட்டினாள். ஏன் சொல்லவில்லை? வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுதானே, குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம், நான் தள்ளினேன், போனில் நானே குழியும் பறித்தேன், நீ ஏன் வாயை மூடிக்கொண்டு அதில் படுத்துக்கொள்கிறாய்? "சொன்னா ஒங்களத்தானம்மா பிடிப்பாவ" என்றாள். "இந்தத் தெருவுல ஒரு பேச்சு வந்துட்டா பொறவு எவிய ஒங்களக் கூப்பிடுவாவ? பொம்பளையா ஒண்டியா நின்னு கடையப் பாக்குதிய. எனக்கு என்ன, ரெண்டு ஏச்சு, சார் ஏசாத நாளா? நாலு நாளு ஏசுவாவ, பொறவு அவியளே காப்பி வாங்கியாரச் சொல்லுவாவ." சொல்லிவிட்டு டம்ளரை என் கையில் கொடுத்தாள், சூடு இல்லை. ஒண்ணாம் தேதியைப் பற்றி இவளுக்குத் தெரியாது. ஏச்சோடு முடிந்துவிடும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். இந்த அறையில் அது தெரிந்தவள் நான் ஒருத்திதான், எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது, என்னைக் காப்பாற்று என்று உன்னை யார் கேட்டார்கள், நீ அடித்திருந்தால் திருப்பி அடித்திருப்பேன், இப்படிச் செய்தால் நான் என்ன செய்வேன்? எனக்காக யாராவது ஒரு வார்த்தை பேச மாட்டார்களா என்று ஆறு வருஷமாகப் பஸ்ஸுக்குள் சண்டை போட்டுக்கொண்டு வருகிறேன், ஒருத்தி மூன்று வாரமாக… இல்லை, ஒரு வாரமாக, வாயை மூடிக்கொண்டு பேசியிருக்கிறாள், அவளைத்தான் இன்று காலை மம்சாபுரம் விலக்கிலிருந்து திட்டிக்கொண்டே வந்தேன். "நீங்க ஒண்ணும் நெனைக்காதியம்மா, எல்லாம் சரியாயிரும்லா?" என்றாள். "அது மட்டும் பொட்டுக்கு மேலயே இருக்கட்டும், எடத்த மாத்திராதிய, கை பழகிருச்சு."

"எழுதியாச்சா, வெங்கடேஸ்வரியம்மா?" அரைக்கதவுக்கு அந்தப் பக்கமிருந்து ஆவுடையப்பன். ஜெயபாண்டி வீட்டம்மா இல்லை, என் பெயர், முழுசாக, அம்மா என்று மரியாதையோடு. என் உடம்பு அதற்குத் தானாக நிமிர்ந்ததைக் கவனித்தேன், அதுதான் என்னை அருவருக்க வைத்தது. "சார், ஒரு சின்ன விஷயம்…" என்று ஆரம்பித்தேன், குரல் பஸ்ஸிலிருந்து இறங்கிய குரலாக வந்தது. "வந்து பாக்கணும்னெல்லாம் இல்லம்மா, நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும், எழுதி ஒங்க பேர்லயே கையெழுத்துப் போட்டுருங்க, ஜெயபாண்டிகிட்டல்லாம் கேக்க வேண்டாம்" என்றார். எத்தனை வருஷம் காத்திருந்தேன் இந்த வார்த்தைக்கு. நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும். அழகுத்தாய் பக்கத்தில் நின்று எனக்காகச் சந்தோஷப்படுகிற மாதிரி லேசாகச் சிரித்தாள், சத்தியமாகச் சிரித்தாள். பொட்டுக்கு மேலே அந்தப் படம் நான் நிறுத்திய இடத்திலேயே நின்றது, அடியில் ஒன்று பன்னிரண்டு. கழற்றுவதற்கு ஒரு தட்டுத்தான் வேண்டும். சுட்டியை விட்டுக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். "இல்ல சார்" என்றேன், கத்திவிட்டேன் போலிருக்கிறது, அழகுத்தாய் ஒரு அடி பின்னால் போனாள், "நான் சொல்றதக் கேக்க வேண்டாம், எந்திரிச்சு இங்க வந்து பாருங்க!" ஒரு ஆபீஸிலும் நான் அப்படிப் பேசியதில்லை. உள்ளே நாற்காலி பின்னால் தள்ளப்படும் சத்தம், காலால் செருப்பைத் தேடும் சத்தம். அரைக்கதவு திறந்ததும் முதல் வார்த்தையாக எதைச் சொல்லப்போகிறேன் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. அழகுத்தாயின் கையைப் பிடித்திருந்தேன், நான்தான் பிடித்திருக்க வேண்டும், எப்போது என்று தெரியவில்லை.